முதல் வரி

திரையில் இரண்டு வரிகள் இருந்தன. பூட்லோடரை எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்டு மெஷின் காத்திருந்தது. அவள் மடிக்கணினியைத் தூக்கிக் கட்டிலின் ஓரத்தில் வைத்து, திரையைக் கணவர் பக்கம் சாய்த்தாள்.

"ஏங்க, தூங்கிடாதீங்க. ரெண்டு காட்டுது. எதை அழுத்தறது?"

அவர் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார். முதலாவது.

"கண்ணாடியைப் போட்டு ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

விரல் இறங்கவில்லை. நூலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். எத்தனையோ மெஷின்களில் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லியிருப்பார்.

அவள் தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். முகவரியை முழுசாகப் படிக்காமல் எதையும் பெட்டியில் போட்டதில்லை. முதல் வரியின் கடைசியிலிருந்த அளவு சின்னதாகப் பட்டது. புது டிஸ்க் இதைவிடப் பெரிசு என்றல்லவா கடைக்காரர் சொன்னார்? கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அந்தரத்தில் விரல் இன்னும் அப்படியே நிற்பதைப் பார்த்ததும் கேட்காமல் முதல் வரியை அழுத்தினாள்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குக் குரல் கிடையாது. உதடு மட்டும் அசையும். அதைப் படிக்க அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பேனா பிடித்து எழுதவும் கை வராது. மற்றவர்களிடம் பேச இந்த மடிக்கணினி. அவர் ஒற்றை விரலால் தட்டுவார். அது மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோலப் படித்துக் காட்டும். அந்தக் குரலுக்கு 'மச்சான்' என்று பேர் வைத்திருந்தார். "நான் சும்மாதான் இருக்கேன், மச்சான்தான் வாய்ச் சண்டைக்குப் போறான்" என்று அதையே சொல்ல வைத்து, கேட்பவர்கள் சிரிக்கும்வரை காத்திருப்பார்.

மச்சான் நேற்று வாயை மூடிவிட்டான். டிஸ்க் போய்விட்டது. இன்று காலையில் வந்து பார்த்த நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கம்மா" என்றாள். மகளுக்குப் போன் போயிற்று. அதைக் கேட்டதிலிருந்து அவர் உதடு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது.

அவகிட்ட நானே பேசணும்.

"ஏன், நான் எதுக்கு இருக்கேன்? நீங்க சொல்றதை நான் சொல்ல மாட்டேனா?"

தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அதன் பிறகுதான் தெருமுனைக் கடைக்காரர் வந்து புது டிஸ்க்கை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனதும், பென்டிரைவைச் சொருகி அவளே லினக்ஸ் போட உட்கார்ந்ததும். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் உதட்டைப் பார்ப்பாள், திரையைப் பார்ப்பாள். பூட்லோடர் என்றால் என்ன என்று கேட்டபோது, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: ஆன் பண்ணினதும் மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். அதான்.

"குருட்டுப் பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க."

சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

வேலை முடிந்தது, பென்டிரைவை எடுத்துவிடவும் என்று திரையில் வந்தது. எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள். மெஷின் அணைந்து, மறுபடி எழுந்தது. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி: துவங்குவதற்கு எந்த டிஸ்க்கும் இல்லை.

அணைத்துப் போட்டாள். அதே வரி. அவரிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். புருவம் சுருங்கியது. உதடு எதையோ தொடங்கி, பாதியில் நின்றது. முதலிலிருந்து மறுபடி போட்டுவிடலாமா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது.

மகள் பையைக்கூட இறக்காமல் ஓடிவந்து கட்டிலருகே மண்டியிட்டாள். மாப்பிள்ளை டாக்டருக்குப் போன் பண்ண வெளியிலேயே நின்றுவிட்டார்.

"அப்பா, நான் வந்துட்டேன்ப்பா. இங்க பாருங்க."

அவர் கண் திறந்தது. முதலில் மடிக்கணினியைத் தேடியது. அது நாற்காலியில் கறுப்பாகக் கிடந்தது. பிறகு மனைவியைப் பார்த்தார். வேறு வழியில்லை என்று அவர் முடிவு பண்ணியது அவளுக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது.

போன மாசம் உங்கம்மா பாத்ரூம்ல விழுந்துட்டா. மயக்கம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா. தனியா விட்டுடாத. கூட்டிட்டுப் போயிடு.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா சொல்றார்?"

மகள் வீட்டில் மொத்தமே இரண்டு அறை. ஒன்றில் மாமனார், மாமியார். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை வேறு.

"சாப்பிட்டியான்னு கேக்கறார்" என்றாள்.

மகள் உடைந்துபோனாள். "சாப்பிட்டேன்ப்பா. வழியிலயே சாப்பிட்டுட்டேன்." அவர் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மகளின் தலைக்கு மேலாக அவர் மனைவியைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. அவர் அப்படிப் பார்த்தபோது அவள்தான் போர்வையின் நுனியைச் சரிசெய்யக் குனிந்தாள்.

உதடு மறுபடி அசைந்தது. இந்தத் தடவை மகளைப் பார்த்து, எழுத்து எழுத்தாக.

"அம்மா... அம்மாங்கறாரா?"

"ஆமா. அம்மாவுக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்கறார். காலையிலேர்ந்து நான் ஒண்ணும் குடிக்கல."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இதோ போடறேன்ப்பா." சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம்.

அவள் அவர் காதருகே குனிந்தாள். "நானே சொல்லிடறேங்க. கொஞ்ச நாள் போகட்டும். நானே சொல்லிடறேன்."

கேட்டதா என்று தெரியவில்லை. ஒரு மூச்சு நீளமாகப் போயிற்று. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி தடதடத்தது. டீயோடு மகள் வந்து நின்றபோதும் அவள் அதே மாதிரிதான் குனிந்திருந்தாள்.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். எல்லோரிடமும் மகள் சொன்னாள். நர்ஸிடம் சொன்னாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொன்னாள். நூலகத்துப் பழைய ஆட்களிடம் சொன்னாள்.

"கடைசியா என்னைப் பாத்து சாப்பிட்டியான்னு கேட்டார். அப்புறம் அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுன்னார். அவ்வளவுதான்."

"அவர் குணம் அப்படி" என்று தையல்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "தன்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல பாரு."

அவள் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது இன்னும் கொஞ்சம் உறுதியாகிக்கொண்டே போயிற்று. மகளுக்கும் அதைச் சொல்லும்போது மட்டும்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மாப்பிள்ளை சும்மா இருக்க முடியாமல் மடிக்கணினியை எடுத்து வைத்துக்கொண்டு நோண்டினார். பென்டிரைவ் இருக்கிறதா என்று கேட்டார். ஸ்வெட்டர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சொருகி ஆன் பண்ணினார். திரையில் ஒரு பட்டியல் வந்தது, அதன்பின் வரிவரியாக எழுத்துகள் ஓடின.

"வந்துடுச்சு அத்தை! டிஸ்க்குல எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. பூட்லோடர் மட்டும் பென்டிரைவ்ல போய் உக்காந்திருக்கு. இந்த மெஷின்ல பென்டிரைவ்தான் முதல் வரியில வரும்போல. இதை எடுக்காம விட்டிருந்தாலே..."

திரையின் வெளிச்சத்தைக் குறைத்தார்.

"பேசியிருப்பாரா?" என்றாள்.

"அந்தப் பேசற புரோகிராமைப் போடக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் அத்தை. விடுங்க. இதெல்லாம் யாருக்குத் தெரியும்."

மெஷின் முழுசாக எழுந்து, பெயரைக் கேட்டு நின்றது.

"அணைச்சுடுங்க மாப்பிள்ளை."

எழுந்து சமையலறைக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். மாப்பிள்ளை கவனிக்கவில்லை. தையல்காரம்மா கொண்டுவந்து வைத்திருந்த சாப்பாட்டைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, மகள் இருந்த அறை வாசலுக்கு வந்தாள். மகள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று, யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல, கஷ்டப்படல. நான் பக்கத்துலதான் இருந்தேன். என்னைப் பாத்து..."

தட்டு கனத்தது. அவள் கையை மாற்றிக்கொண்டு நின்றாள்.