ரானோ கொடுத்த கொத்துமல்லி

1

இது ஒட்டுக்கேட்ட கதை. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஓஷ் நகரத்து ஆற்றோரச் சந்தையில், ஞாயிறு காலை, ரானோ அக்காவின் காய்கறிக் கடையில் எனக்கு முன்னால் ஏர்மெக் நின்றிருந்தான். நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். அவன் மனைவி ஜிபார் இரண்டு மாதமாக அவனைப் பிரிந்து ஒரு வாடகை அறையில் இருப்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். ரானோவுக்குத் தெரியாது. (இப்போதைக்கு அப்படித்தான் எழுத முடிகிறது.)

2

"இலையுதிர்காலத்துத் தக்காளிகள் செக்கச்செவேலென்று..."

வேண்டாம், இப்படித் தொடங்க வேண்டாம். ஏர்மெக் தக்காளியைப் பார்க்கவேயில்லை. ஒற்றை ஆளுக்கு எவ்வளவு காய் வாங்குவது என்று விழித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வெங்காயம் போதும்க்கா."

"ரெண்டா? உம் பொண்டாட்டி நேத்து வந்து பத்து கிலோ தக்காளிய அள்ளிட்டுப் போறா, நீ என்னடான்னா ரெண்டு வெங்காயம்ங்கற! வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஏர்மெக்கும் சிரித்துவைத்தான்.

"பத்து கிலோவா?"

"குளிர்காலத்துக்குக் காய்ச்சி ஜாடியில அடைச்சு வைக்கணுமாம். ஏழெட்டு ஜாடி வரும்."

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தனியாக இருப்பவளுக்கு எதற்கு ஏழெட்டு ஜாடி? பனிக்காலம் முழுக்க அந்த வாடகை அறையிலேயே இருந்துவிடப் போகிறாளா? கூட யாராவது? இல்லையென்றால்... (இதற்குப் பின் எழுதிய மூன்று வரிகளை அடித்துவிட்டேன். அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு இருந்ததா என்று எனக்கே தெரியாது.)

அவன் கிளம்பும்போது ரானோ ஒரு கட்டுக் கொத்துமல்லியை அவன் பைக்குள் திணித்தாள்.

"நேத்து அவ விட்டுட்டுப் போயிட்டா. தண்ணி தெளிச்சு வெச்சிருந்தேன். வாடறதுக்குள்ள குடுத்துடு."

3

வீட்டுக்குப் போய்ச் சூப்பில் போட்டுக் குடித்தான் என்று முடித்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. ஆனால் நடந்தது அதுவல்ல. மறுநாள் ஆசிரியர் அறையில் அவனே சொன்னான். பாலத்தில் கால்மணி நேரம் நின்றிருக்கிறான். அப்புறம் ஜிபாரின் அறை இருக்கும் பக்கமாக நடந்திருக்கிறான்.

கதவைத் திறந்த ஜிபாருக்கு முழங்கை வரை தக்காளிச் சாறு.

"என்ன?"

"ரானோ அக்கா குடுத்தாங்க. நேத்து விட்டுட்டு வந்துட்டியாம்."

வாங்கி மோந்து பார்த்தாள்.

"நான் மல்லியே வாங்கலையே."

"அப்ப இது யாரோடது?"

"என்னைக் கேட்டா? நீயே வாங்கிட்டு வந்து கதை விடுறியா?"

"சத்தியமா இல்ல, ஜிபார்!"

[அடிக்குறிப்பாக வர வேண்டியது: அடுத்த வாரம் நான் ரானோவிடமே கேட்டேன். "தெரிஞ்சுதான் குடுத்தீங்களாக்கா?" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆயிரம் பேர் வந்து போற எடம். எவ எதை விட்டுட்டுப் போனான்னு யாருக்குத் தெரியும்? உனக்கு என்ன வேணும், அதச் சொல்லு." கேரட் என்றேன்.]

4

யார் சொல்வது பொய் என்று எழுதுகிற எனக்கே புரியவில்லை. ஜிபாரே மறந்திருக்கலாமே என்று ஒருநாள் தோன்றுகிறது, மறுநாள் ஏர்மெக் மேலேயே சந்தேகம் வருகிறது.

"அப்புறம்?" என்று அன்று ஆசிரியர் அறையில் அவனைக் கேட்டேன்.

"உள்ள ஏதோ பொங்கற சத்தம் கேட்டுச்சு. கையில மல்லியோடவே அடுப்பப் பாக்க ஓடிட்டா. கதவ சாத்தல. வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நான் குனிஞ்சு ஷூ கயித்தப் பிடிச்சேன்..."

வகுப்பு மணி அடித்தது. அவன் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை.

ஆகவே அவனை அந்த வாசலிலேயே, குனிந்தபடி விடுகிறேன். கயிற்றை அவிழ்ப்பதும் இறுக்குவதும் உங்கள் பாடு. சீக்கிரம் முடிவு செய்யுங்கள். திறந்த கதவு வழியாக அறைக்குள் குளிர் ஏறிக்கொண்டிருக்கிறது.