ஒட்டுத் தெரியாத வயலின்

வயலின் ரிப்பேர்க்காரரை அந்தக் கடைத்தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்பிளந்த செல்லோவோ (தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின்) கழுத்தொடிந்த வயலினோ, அவர் கைபட்டுத் திரும்பினால் ஒட்டு எங்கே என்று சொந்தக்காரருக்கே தெரியாது.

முதல் தடவை அவருடைய தங்கை சிரித்துக்கொண்டேதான் வயலின் பெட்டியைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக்கொடுப்பவள்; கல்யாணமாகி ஒரு குழந்தை.

“டாக்டர் சார், அவசர கேஸ்! பீரோ மேல இருந்து விழுந்துடுச்சு.”

கழுத்து ஒடிந்திருந்தது. விழுந்தால் அப்படி ஒடியும்தான். வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டிக் கொடுத்தார்.

ஒரு வருஷம் கழித்து, இரண்டாம் தடவையும் பீரோவைத்தான் சொன்னாள். சிரிக்கவில்லை. அதற்கும் ஒன்றரை வருஷம் கழித்து, மூன்றாம் தடவை, பெட்டியைத் திறந்து ஜன்னல் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தார். விழுந்த வயலினுக்கு ஓரத்தில் அடிபடும். இதில் மேல்பலகை நட்டநடுவில், தந்திகளைத் தாங்கும் குதிரை நிற்கும் இடத்தில், உள்ளே நொறுங்கிக் கிடந்தது. குதிகாலால் மிதித்தால் ஒழிய அப்படி ஆகாது.

“இது விழுந்தது இல்லம்மா.”

“தெரியுதில்ல? அப்புறம் ஏன் கேக்கற?”

“மாப்பிளகிட்ட நான் பேசறேன்.”

“நீ பேசிட்டுப் போயிடுவ. அப்புறம் எனக்குத்தான் விழும். எப்பவும் போல தெரியாம ஒட்டிக் குடுண்ணா. இது கையில இருந்தா நான் சமாளிச்சுப்பேன்.”

மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினார். சில்லுகளை இடுக்கியால் பொறுக்கிச் சேர்த்தார்; உட்புறம் மரத்துண்டு வைத்து அண்டை கொடுத்தார்; வார்னிஷை நிறம் பார்த்துப் பார்த்துப் பூசினார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை.

தங்கை வாங்கிப்போன மறுநாள் மாப்பிள்ளையே போன் செய்தார். “உங்க கையே கை மச்சான்! புதுசு தோத்துடும் போங்க.”

“சரிங்க மாப்பிள” என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு செல்லோவின் விரிசலில் அவர் வஜ்ஜிரம் தடவிக்கொண்டிருந்தபோது தங்கை வந்தாள். பெட்டியை மேஜைமேல் வைத்தாள். இடது கையில் கட்டு. அவர் பெட்டியைத் திறந்து தட்டிப் பார்த்தார், தந்தி முறுக்கும் பிரடைகளைத் திருகிப் பார்த்தார். எதுவும் உடையவில்லை.

“வித்துடுண்ணா.”

“கையில என்ன?”

“கதவுல மாட்டிக்கிச்சு. ரெண்டு விரல் இனிமே மடங்காதாம்.”

தந்தியை அழுத்துகிற கை அது.

“போகாதம்மா. இங்கயே இருந்துடு. பாப்பாவையும் கூட்டிட்டு வந்துடலாம்.”

“இதை மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “நீதான் ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் நடக்காத மாதிரி ஆக்கிக் குடுத்தியே.”

“நீதானம்மா கேட்ட...”

“ஆமா. நான்தான் கேட்டேன். பாப்பாவுக்கு ஸ்கூல் விடற நேரம், வரேன்.”

அவர் வாசலுக்கு ஓடிவந்தபோது அவள் வலது கையால் கம்பியைப் பிடித்து பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. பஸ் வளைவில் மறைந்த பிறகும் வெயிலில் அப்படியே நின்றார். உள்ளே, செல்லோவின் விரிசல் வாய் மூடுமுன்பே, தடவிய வஜ்ஜிரம் இறுகிப்போயிருந்தது.