காசிலிங்கத்தின் ரேடியோ பிரசவம்

காசிலிங்கத்துக்கு உப்பில் பணம் வந்தது. மரியாதை ரேடியோ வந்த பிறகுதான் வந்தது. மாலையானால் தூத்துக்குடியில் பாதித் தெரு அவர் சன்னலடியில் நின்று திருச்சிச் செய்தி கேட்கும். கவர்னர் பேசி முடித்தால்கூட ஏதோ தாமே பேசி முடித்தது போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

அந்த ஆண்டு ஆயுத பூசையில் தராசுக்கும் படிக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். ரேடியோவுக்கு வெறும் பொட்டு போதாது என்று தோன்றியது. உள்ளே உள்ளதற்கும் சேரட்டுமென்று, பின்பக்க ஓட்டை வழியாகச் சந்தனத்தைக் கரைத்தே ஊற்றினார். ரேடியோ ஒரு முறை சீறிவிட்டு அடங்கியது.

துறைமுகத்தில் கப்பல் ரேடியோக்களைப் பழுது பார்க்கும் வில்பிரட் வந்து திறந்து, மோந்து பார்த்தான்.

"கோயிலு வாசம் அடிக்கு அண்ணாச்சி. உள்ள காயிலு கம்பி தீஞ்சுபோச்சு. பெட்டியோட நம்ம பட்டறைக்கு அனுப்பும், சரி பண்ணிருதேன்."

"நடுத்தெருவுலயா? ஊர் பாக்கவா?"

"அப்போ புதுசு வாங்கும். கொழும்புல இருந்து தோணியில வர தை ஆயிரும்."

தை வரை மரியாதை தாங்காது. யோசித்து ஒரு வழி கண்டார். ரேடியோவின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் ஓலைக் கடகத்தில் வெங்காயத்துக்கு அடியில் பட்டறைக்குப் போனது. வெறும் பெட்டி சன்னலிலேயே இருந்தது. "திருச்சியில ஏதோ கோளாறு" என்று சொல்லி, அவரே பெட்டி பக்கத்தில் நின்று பேப்பர் செய்தியை ஒப்பித்தார்.

நாலைந்து நாள் நன்றாகத்தான் போனது. ஒரு மாலை, அவர் ஐதராபாத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் பெட்டி மெல்ல மியாவ் என்றது.

உப்புத் தரகன் பேச்சிமுத்து கேட்டான். "இது எந்த ஸ்டேஷன் அண்ணாச்சி?"

"லண்டன்."

பின்பக்கத்திலிருந்து குட்டியைக் கவ்விக்கொண்டு பூனை இறங்கியது.

"வழி விடுங்கலே, நியூஸ் வாசிக்கவரு வெளிய வாராரு" என்றான் பேச்சிமுத்து.

வில்பிரட் சரிசெய்த சாமான்களோடு வந்தபோது, பெட்டியில் இன்னும் மூன்று குட்டிகள். காசிலிங்கத்தின் மனைவி சண்முகத்தாய் குறுக்கே நின்றாள்.

"பிள்ளை பெத்தவளை வெளிய தள்ளச் சொல்லுதியளா? வேற பெட்டி பாருங்க."

வேறு பெட்டி என்று வீட்டில் இருந்தது தேயிலை வந்த பலகைப் பெட்டிதான். சாமான்களை அதற்குள் வைத்துப் பொருத்தியதும் திருச்சி கணீரென்று பேசியது. கூட்டம் வந்தது. பாதிப் பேர் செய்தி கேட்டார்கள். மீதிப் பேர் குட்டி பார்த்தார்கள்.

"புதுப் பெட்டிக்குக் கொழும்புக்குச் சொல்லிவிடவா அண்ணாச்சி?" என்றான் வில்பிரட்.

ஆறுமுகநேரியிலிருந்து அன்றுதான் வந்திருந்த உப்பளக்காரர் செல்வதுரை, பலகைப் பெட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். காசிலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எதுக்கு? சீமையில இப்பம் பெரிய மனுசனெல்லாம் தேயிலைப் பெட்டியிலதான் வச்சுக் கேக்கானாம். சத்தம் சுத்தமா வருமாம்."

மறுவாரம் செல்வதுரை வில்பிரட்டின் பட்டறைக்கு வண்டி கட்டி வந்தார். வண்டியில் பளபளவென்று ஒரு புது ரேடியோவும், காலித் தேயிலைப் பெட்டி ஒன்றும் இருந்தன.