இரண்டாவது பிரேக்

தராசில் படுக்க வைத்ததும் என் மகள் இரண்டு காலையும் உதைக்க ஆரம்பித்தாள். எண்கள் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கின. நான் அந்தச் சின்னத் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எடை ஏறாமல் இருந்தால் இன்றோடு தாய்ப்பாலை நிறுத்திவிடுவது, பவுடர் டின் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவது என்று கிளம்பும்போதே மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் கணவரும் மாமனாரும் கையைப் பிசைவார்கள், அதைப் பார்க்க இன்னொரு அழுகை வரும்.

பாலூட்டுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அந்த மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இருந்தார். அவரை எல்லாரும் பால் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லா ஏறியிருக்கே. நீ எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?"

நம்பாமல் திரையை நானே பார்த்தேன். ஏறித்தான் இருந்தது. வேறு ஏதாவது கொடுக்கிறாயா என்று கேட்டார். என் பால் மட்டும்தான், அதையும் இவள் சரியாகக் குடிப்பதே இல்லை என்றேன்.

"அப்ப உன்கிட்ட பால் இருக்கு. காத்தக் குடிச்சா வளர்ந்தா உன் பொண்ணு?"

நான் சிரித்தேன். பிரசவத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். கதவோரம் நின்றிருந்த கணவரையும் மாமனாரையும் திரும்பிப் பார்த்தேன். மாமா தலைக்கு மேலே சுற்றாத ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் கையிலிருந்த பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பாவம், சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய நாட்களைப் பற்றிச் சொல்லவே பிடிக்கவில்லை. மகளை நாங்கள் முதலாளி என்றுதான் கூப்பிட்டோம். அவள் குரல் கொடுத்தால் மூன்று பேரும் போட்டதைப் போட்டபடி ஓடிவருவோம் என்பதால் வந்த பேர். ஆனால் அந்த முதலாளிக்கு என்னைத்தான் பிடிக்கவில்லை. மார்பருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இல்லாவிட்டால் இரண்டு வாய் சப்பிவிட்டு உண்ட களைப்பில் தூங்குகிறவள் மாதிரி தூங்கிப்போவாள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கனக்கும், வலி உயிர் போகும். கொஞ்ச நாளில் அந்தக் கனமும் போய் லேசாகிவிட்டது. வலி போனதற்கு சந்தோஷப்படாமல் அதற்கும் உட்கார்ந்து அழுதேன். பெற்ற பிள்ளைக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்கிற நினைப்பை வெளியே எப்படிச் சொல்வது? குளிக்கப் போகும்போது குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன்.

என் தொழில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. எதிரே லாரி வந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேசத் தெரிந்தவள் நான். எங்கள் டிரைவிங் பள்ளிக் காரில், சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் நாம் அதை மிதித்து வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். பயந்த சுபாவம் உள்ளவர்கள் வந்தால் நான் ஒன்று செய்வேன். அந்த பிரேக்கை அவர்களுக்குத் தெரியாமல் மெதுவாக மிதித்துவிட்டு, "நல்லா நிறுத்தினீங்க" என்று சொல்லிவிடுவேன். அவர்கள் முகம் மலர்ந்துபோகும். அடுத்த நாளும் தைரியமாக வருவார்கள். ஆனால் அதை ரொம்ப நாள் செய்யக் கூடாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். என் கால் அங்கே இல்லை என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அன்றைக்குத்தான் அவர்களுக்கு உண்மையிலேயே ஓட்ட வரும். இதையெல்லாம் சாப்பிடும்போது வீட்டில் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்கு அந்தச் சம்மணக் கதை ரொம்பப் பிடிக்கும்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன். தலையை ஒழுங்காக வாரினேன். என்னோடு வேலை பார்க்கிறவளுக்கு ஃபோன் போட்டு எடையைச் சொன்னேன், அவள் கேட்காமலேயே. முதலாளி முகத்தைத் திருப்பினால் இப்போது கோபம் வரவில்லை. சீக்கிரமாகக் குடித்து முடிக்கிற கெட்டிக்காரி என்று நானே அவளுக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டேன். கணவர் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார். மாமா என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார். இரண்டு பேரும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

சாயங்காலம் நான் கொஞ்சம் கண்ணயரும்போது மாமா குழந்தையை பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போவார். காற்றாட உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து தருவார். அன்றும் அப்படித்தான் தந்தார். உடம்பு துடைக்கலாம் என்று வெந்நீரும் மெல்லிய துணியும் எடுத்து வைத்தேன். கழுத்து மடிப்பில் அழுக்கு சேரும், விரித்துத் துடைக்க வேண்டும் என்று பால் டீச்சர் சொல்லியிருந்தார். முகவாயை மெதுவாகத் தூக்கித் துடைத்தேன். மடிப்புக்குள் வெள்ளையாக ஒரு கோடு. கக்கிய பால், இன்னும் ஈரம் காயவில்லை. நான் பால் கொடுத்து வெகுநேரமாகியிருந்தது. துணியை மூக்கருகே கொண்டுபோனேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்ததும் வருகிற மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. என் ரவிக்கையின் உள்பக்கத்தை மோந்து பார்த்தேன். இது அது இல்லை.

குழந்தைக்குச் சட்டையை மாட்டிவிட்டு, அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காத்தக் குடிச்சா வளர்ந்தா உன் பொண்ணு. பால் டீச்சர் குரல் காதிலேயே நின்றது. பிறகு மாமாவைக் கூப்பிட்டேன்.

மாமா ஒரு மாணவர் விடுதியின் சமையல்கட்டில் ஆயுசு முழுக்க உழைத்து ஓய்வு பெற்றவர். ராத்திரி எத்தனை நேரம் கழித்து வந்தாலும் ஒரு பிள்ளையையும் பட்டினியாக அனுப்பியதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. துணியை நீட்டியதும் அவர் மழுப்பவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், பெரிய பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பவுடர் டின்னையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"சாயங்காலம் ஒரே ஒரு தடவைதாம்மா. பசியில அது கைய சப்புச்சு, எனக்குத் தாங்கல. நீ அலுத்துப்போய்த் தூங்கிட்டிருந்தே."

வாயைத் திறந்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே பயமாக இருந்தது. மாமா எதிர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கணவர் வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அலாரம் அடித்தால் கையில் இருக்கிற சோற்றை உதறிவிட்டு ஓடுகிற வேலை. மேஜைமேல் இருந்த டின்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய், அவசரமாகச் சொன்னார்.

"இது என்னோட டின் இல்லையே."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்புறம்தான் புரிந்தது. தோளிலிருந்த கருவிப் பையை இறக்கி, ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து துணி சுற்றிய இன்னொரு டின்னை எடுத்தார். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், நான் தூங்கும்போது, ஒரே ஒரு தடவை. வேறு கம்பெனி டின். மாமா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா, அது புள்ளையோட வயிறா, மாடி மேல இருக்கிற தண்ணித் தொட்டியா?"

"நீங்க ஊத்தினது எனக்கு எப்படிப்பா தெரியும்?"

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர். நடுவில் வயிறு நிறைந்த குழந்தை என்னிடம் வந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் வேறு என்ன செய்யும்? அவள் குடிக்காததால் எனக்குச் சுரப்பும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் பாட்டில் கொடுத்ததற்காக எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை பசியில் அழுதால் யாராக இருந்தாலும் கொடுக்கத்தான் செய்வார்கள். என்னைச் சுட்டது வேறு.

"டீச்சர் உன்கிட்ட பால் இருக்குன்னு சொன்னப்ப ரெண்டு பேரும் பக்கத்துலதானே நின்னீங்க?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். கணவர்தான் பதில் சொன்னார்.

"நீ சிரிச்சே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகைதான் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது அவமானம். ஊரெல்லாம் ஃபோன் போட்டு எடையைச் சொன்னேனே என்று கூசியது. கட்டிலில் உட்கார்ந்தபோது என் வலது கால் தானாக முன்னால் நீண்டு தரையை அழுத்திக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். பழக்க தோஷம். பதற்றம் வந்தால் கால் அந்த இரண்டாவது பிரேக்கைத் தேடும். நல்லா நிறுத்தினீங்க என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எத்தனை முறை மனம் நிறைந்திருப்பேன். வெளியே இருக்கிற இரண்டு பேர் மேலும் இருந்த கோபம் அங்கேதான் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பால் டீச்சருக்கு ஃபோன் செய்தேன். திட்டுவார் என்று பயந்தால், அவர் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டிருக்க வேண்டும் என்று தன்னைத்தான் நொந்துகொண்டார். கோபத்தில் டின்னைத் தூக்கிப் போட்டுவிடாதே, அவளை ஒரு வேளைகூடப் பட்டினி போடக் கூடாது என்றார். ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பில் போடு, பசியில் கத்துவதற்கு முன்னாலேயே போடு. பிறகு தேவைப்பட்டால் பாட்டில். சுரக்கச் சுரக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், ஆனால் அடிக்கடி கொண்டுவந்து எடை பார்க்க வேண்டும். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும் என்றார். எனக்கு மறுபடியும் ஊறுமா என்று கேட்டேன். சத்தியம் பண்ண முடியாது, நிறைய பேருக்கு ஊறியிருக்கிறது என்றார். அவர் சத்தியம் பண்ணாததே எனக்குத் தெம்பாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம், அவள் கையைச் சப்ப ஆரம்பித்தபோது இரண்டு பேரையும் கூடத்து சோஃபாவில் உட்காரச் சொன்னேன். மாமா கலந்து வைத்த பாட்டிலை, சூடு ஆறாமல் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டா குடுங்க மாமா. நான் கேக்கற வரைக்கும் ரெண்டு பேரும் காலத் தூக்கி மேல வச்சுக்கங்க."

மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகனைப் பார்த்து, ம், என்றார். கணவரும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி ஏறி உட்கார்ந்தார்.

நான் அறை வாசல் திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டேன். அவள் சட்டையைக் கழற்றி என் நெஞ்சின் மேல் கவிழ்த்துப் படுக்க வைத்தேன். பாட்டில் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பினாள். பிறகு அழுதாள். முதலில் முனகல், அப்புறம் வீடே அதிரும் அழுகை. வெளியே சோஃபா ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"கால்" என்றேன், குரலை உயர்த்தாமல்.

கிறீச்சு நின்றது. என் தோள் இறுகிப்போயிருந்தது. கையைத் தளர்த்து, தூரமாகப் பார் என்று தினமும் பிறத்தியாருக்குச் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் தலை என் மேல் முட்டி, வழுக்கி, மறுபடி முட்டியது. ஒரு தடவை வாயில் பட்டும் விட்டுவிட்டாள். இன்னொரு தடவை. இவ்வளவுதான், மாமாவைக் கூப்பிட்டுவிடலாம் என்று நான் வாயெடுத்தபோது அவள் கொட்டாவி விடுகிறவள் மாதிரி வாயை அகலத் திறந்தாள். அழுகை பாதியில் அறுந்தது.

சத்தமே இல்லை. பிறகு அவள் தொண்டையில் சின்னதாக ஒரு விழுங்கல். அடுத்தது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

திரைச்சீலை இடுக்கு வழியாகக் கூடத்து சோஃபா தெரிந்தது. தரையில் ஒரு காலும் இல்லை. மாமா மடியில் துண்டு சுற்றிய பாட்டில் ஆறிக்கொண்டிருந்தது. கணவர் கண்ணை இறுக மூடியபடி சம்மணமிட்டிருந்தார். அவருடைய வலது கால் கட்டைவிரல் மட்டும் சோஃபா மெத்தையை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது.