லேசர் முனையின் மூடி

நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாலே அண்ணிக்குத் தலைவலி ஆரம்பித்துவிடும். அண்ணி பிசியோதெரபிஸ்ட். நாத்தனாரோ அழகு நிலையத்தில் நாள் முழுக்க நின்றபடி முடி வெட்டுகிறவள். உடற்பயிற்சி என்றால் அவளுக்கு எட்டிக்காய். அண்ணியிடம் புதிதாக வந்திருக்கும், வலி குறைக்கும் லேசர் கருவியை வைத்தால் போதும் என்று ஒற்றைக்காலில் நின்றாள், அதுவும் அந்த இடுப்போடு.

அண்ணி ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்தாள். லேசரால் வலி கொஞ்ச காலம் குறைகிறது என்றன சில. கதிரே இல்லாமல் வைப்பதுபோல் பாவனை செய்தாலும் அதே அளவு குறைகிறது என்றன வேறு சில. பலவும் சின்னஞ்சிறு ஆய்வுகள். கடைசியில் பேரம் படிந்தது: முதலில் பயிற்சி, பிறகு லேசர்.

கண்ணுக்குத் தெரியாத கதிர் என்பதால் இருவருக்கும் கறுப்புக் கண்ணாடி. அண்ணிக்கு விதி என்றால் விதிதான். கண்ணாடி மாட்டாமல் கருவியைத் தொடவே மாட்டாள். வலி மெல்ல வடிந்தது. நாத்தனார் குனிந்து செருப்பு மாட்டிய அன்று அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

கண்ணாடியின் பட்டை அறுந்த அன்றுதான் குட்டு உடைந்தது. வெறும் கண்ணால் பார்த்தால், லேசர் முனையில் கறுப்பு ரப்பர் மூடி, பெட்டியில் வந்தபடியே இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. அண்ணி கூனிக் குறுகிப்போனாள்.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். ஆனால் நாத்தனார் அதற்குள், இடுப்பு வலிக்காகத் தினமும் நடந்துவந்த தன் அம்மாவிடம், இடுப்பு வலிக்கு நடை எதற்கு, லேசர் போதும் என்று ஓதியிருந்தாள். மாமியாரும் நடையை நிறுத்திவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அடுத்த முறை வந்ததும் அண்ணி மூடியை அவள் கையில் கொடுத்தாள்.

"உனக்கு ஒரு நாள்கூட லேசர் படல. இத எடுக்க மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

"அப்ப வலி எப்படி அண்ணி குறைஞ்சுது?"

"பயிற்சியா இருக்கலாம். தானா ஆறியிருக்கலாம். நீ நம்பினதும் காரணமா இருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியல. லேசர் இல்லங்கறது மட்டும் நிச்சயம்."

நாத்தனாரின் கையிலிருந்து மூடி நழுவித் தரையில் விழுந்தது. உண்மை தெரிந்துவிட்டது, இனி வலி திரும்பிவிடுமோ என்று அண்ணிக்குப் பகீரென்றது. நாத்தனார் முழங்காலை மடக்கி, பயிற்சியில் செய்வதுபோலவே குனிந்து, அதை எடுத்து நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்த்தாள். வலிக்கவில்லை.

பிறகு போனை எடுத்தாள்.

"அம்மா, நாளைலேர்ந்து திரும்ப நடக்கப் போ. நானும் வரேன்."