ஜாதிக்காய் தூவிய இரண்டு பாத்திரங்கள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் எரிச்சல். ஒரு விருந்தில், காலிக் கோப்பையுடன் நின்ற என்னைச் சுவரோரம் ஒதுக்கி, ரம்முக்கும் பிராந்திக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் முக்கால் மணி நேரம் விளக்கினார். பாட்டில் அவர் கையில்தான் இருந்தது. ஊற்றவில்லை. அவரைப் பழிவாங்க உட்கார்ந்தேன். கதைகள் இதைவிட உயர்ந்த காரணங்களால் பிறக்கின்றன என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

முதல் தொடக்கம்: ‘முட்டையின் மஞ்சள் கரு, விடியற்காலைச் சூரியனைப் போல...’

(அடித்துவிட்டேன். மஞ்சள் கரு மஞ்சள் கருவைப் போலத்தான் இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: அக்காவுக்குச் சளி பிடித்திருந்தது.

இதுவே இருக்கட்டும். கதை முழுக்க இந்தச் சளியின் மேல்தான் நிற்கிறது.

2

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கப் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுகிற கை. அவள் கணவரை, அவளுடைய தம்பி அழைக்கிற முறையிலேயே நாமும் அத்தான் என்போம். லிஃப்ட்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற வேலை. அதில் பதவி உயர்வு. கூடத்தில் பதினாறு விருந்தாளிகள். பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து, மேலே மது கலக்கிற எக்நாக் பஞ்ச்சைத் தன் கையாலேயே செய்து பரிமாறுவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

“இங்க பாரு. ரம் கரும்பு, பிராந்தி திராட்சை, விஸ்கி பார்லி. ரம் இனிக்கும், பிராந்தி மணக்கும், விஸ்கி உதைக்கும். மூணையும் புரிஞ்சிக்காம கலக்கவே கூடாது.”

“பால் பொங்குது. அத மொதல்ல புரிஞ்சிக்கோங்க.”

பொங்கிய பாலை அவர் அடித்த முட்டையில் ஒரேயடியாகக் கவிழ்த்தார். ஆறு முட்டை நொடியில் பொரியலானது. வேறு ஆறு முட்டையை உடைத்து, பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்கி, ஆறவைத்து, கிரீம் அடித்தவள் அக்கா. ‘தன் கையால்’ என்று அவர் சொன்னது எந்தக் கை என்று இப்போது தெரிந்திருக்கும்.

(இந்த ஆளை இரண்டு பத்தியில் முடிக்க நினைத்தேன். கதையிலும் நகரமாட்டேன் என்கிறார்.)

3

இனித் தம்பி. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பத்து வருஷம் குடித்தவன், பத்து மாதமாகத் தொடவில்லை. ‘ஒரு சொட்டு உள்ள போனா மறுபடி மொதல்லேர்ந்துதான்’ என்று அவனே அக்காவிடம் சொல்லியிருந்தான். அவனுக்குத் துணையாக அவளும் விட்டிருந்தாள். அவள் விட்டது ஆண்டுக்கு இரண்டு கோப்பை ஒயின்தான். ஆனாலும் வாக்கு வாக்குதான்.

அதனால் பஞ்ச் இரண்டு பாத்திரத்தில். ஒரே மாதிரி வெள்ளைப் பீங்கான் ஜோடி. ஒன்றில் மது கலந்தது, ஒன்றில் கலக்காதது. அக்கா சீட்டு ஒட்டப் போனாள்.

“வந்திருக்கறது விருந்தாளிங்க. நோயாளிங்க இல்ல,” என்று அத்தான் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

சரி என்று, மது கலந்த பாத்திரத்தின் மேல் மட்டும் அடையாளத்துக்கு ஜாதிக்காயைத் துருவிவிட்டு, மூக்கைச் சிந்தப் போனாள். திரும்பி வந்தால் பாத்திரங்கள் இடம் மாறி, சமையலறை மேசை நடுவில் அழகாக உட்கார்ந்திருந்தன. இரண்டின் மேலும் ஜாதிக்காய்.

“யாரு தூவுனது?”

“நான்தான். ஒண்ணு மொட்டையா நின்னுச்சு. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பான்னு நாலு பேர் கேக்கமாட்டாங்க?”

(அளவு வித்தியாசம் காட்டிக்கொடுக்காதா என்பவர்களுக்கு: குறைவாக இருந்ததில் பாலை ஊற்றிச் சமன் செய்துவிட்டார்.)

4

அக்கா குனிந்து முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. பினாயிலை நீட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது.

அத்தான் ஒரு பாத்திரத்தின் மேல் மூக்கை வைத்துக் கண்ணை மூடினார். “ஆஹா. ஓக் மரப் பீப்பாய். பன்னெண்டு வருஷம். இதுதான் சரக்கு.”

“நிச்சயமாவா?”

“என் மூக்கு மேல சந்தேகமா?”

அடுத்த பாத்திரத்திலிருந்து ஒரு கோப்பை மொண்டு, கதவருகே வந்து நின்ற தம்பியின் கையில் கொடுத்தார். “பிடிங்க மாப்ள. ஒங்களுக்குன்னே தனியா பண்ணது.”

இந்த இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். ஏனென்றால் மதுவைப் பற்றி அந்த வீட்டில் உண்மையாகவே தெரிந்தவன் ஒருவன்தான். கோப்பை மார்புயரம் வருவதற்குள், இரண்டு பங்கு ரம், ஒரு பங்கு பிராந்தி, கொஞ்சம் விஸ்கி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால், இன்னும் மூக்கு அதையே தேடுகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். அத்தானின் மானமும் போகும். சொல்லாவிட்டால்...

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வாசனைதான் தெரியாது. தம்பியின் முகம் தெரியும்.

“இரு. நான் ஒரு வாய் பாக்கறேன். மூக்குதானே அடைச்சிருக்கு, தொண்டை எரிஞ்சா தெரியும்.”

“வேணாங்க்கா. பத்து மாசம் ஆச்சு ஒனக்கு.”

“ஒனக்கும்தாண்டா.”

“ரெண்டு பேரும் என்ன நாடகம் போடறீங்க?” என்றார் அத்தான். “கூடத்துல ஆளுங்க காத்திருக்காங்க.”

5

முடிவு ஒன்று: தம்பி உண்மையைச் சொல்கிறான், அத்தான் திருந்துகிறார். (எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: தம்பி குடிக்கிறான். (எழுதினேன். கிழித்தேன். காரணம் கேட்காதீர்கள்.)

முடிவு மூன்று: அக்கா கோப்பையைப் பிடுங்கிக் குடிக்கிறாள். தியாகம். கைதட்டல். பத்து மாதம் போனது அவளுக்கு. சான்றிதழ் கொடுத்தவர் மட்டும் அப்படியே நிற்கிறார்.

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ‘யோவ், ரெண்டையும் தொட்டியில கொட்டித் தொலைக்க வேண்டியதுதானே?’ கேளுங்கள். முதல் நாளே எனக்கும் தோன்றியது. கழுவுகிற தொட்டி இரண்டடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் கொட்டினால் அத்தான் முகம் சுருங்கும், இரண்டு வாரம் பேசமாட்டார். அந்த ஒரு முகத்துக்குப் பயந்து, பத்து மாதத்தைக் கோப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். அவர்களை அப்படி நிற்கவைத்த நான் மூன்றாவது ஆள். அவரைக் கேலி செய்ய இத்தனை பக்கம் எழுதினேன். அவர் முகம் வாட ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

தம்பியின் கோப்பை நெஞ்சளவில் இருக்கிறது. அக்காவின் ஒரு கை அதை நோக்கி நீள்கிறது, இன்னொரு கை பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. கனம். ஒருத்தியால் தூக்க முடியாது.

மறு விளிம்பு உங்கள் பக்கம் இருக்கிறது.