முதுகில் நேராக விழுந்த பின்னல்

அரியலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிட நடைச் சோதனையை முடித்துவிட்டாள் மலர்க்கொடி. வரதராஜன்பேட்டை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மாதம் நடந்து பழகியது வீண்போகவில்லை. மூச்சு முட்டியபோதெல்லாம் சுவரில் ஒட்டியிருந்ததைப் படிப்பவள்போல நின்றுகொண்டாள்.

போன முறையே டாக்டர் சொல்லியிருந்தார். நுரையீரலைச் சுற்றிய உறையில் புற்று. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற உடம்பென்றால் ஊசி மருந்து போடலாம். பாதிப் பொழுது படுக்கையில் கிடக்கிற உடம்பென்றால் அந்த மருந்தே ஆளைத் தூக்கிவிடும். வலி மாத்திரையோடு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

இருபத்தைந்து வருடம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்துக் கொட்டகை போட்டவன் அவள் புருஷன் ராசாங்கம். அந்தத் தூசிச் சட்டைகளை உதறித் துவைத்தவள் அவள். அறுத்தவன் கல்லுப்போல இருக்கிறான், உதறியவளுக்கு வந்துவிட்டது. அதற்காக அவன்மேல் கோபப்பட அவளுக்கு மூச்சு போதவில்லை.

நர்ஸ் சாந்தா படிவத்தோடு உட்கார்ந்தாள்.

"சோறாக்குறது யாருக்கா?"

"நான்தான்."

"துணி துவைக்கிறது?"

"நான்தான்."

"அப்ப அண்ணன் என்னதான் பண்றாரு?"

"நல்லா திங்கிறாரு."

சாந்தா சிரித்தாள். கதவோரம் நின்ற ராசாங்கமும் சிரித்தான். காலையில் அவளைக் குளிப்பாட்டி, கொசுவம் மடித்துச் செருகி, பஸ்ஸில் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தவன். தான் சொல்வது பொய்யென்றே மலர்க்கொடிக்குத் தோன்றவில்லை. போன வருடத்து மலர்க்கொடியைப் பற்றித்தானே சொல்கிறாள்.

"திரும்புக்கா. போன தடவ முதுகுல குத்தித் தண்ணி எடுத்த எடத்தப் பாக்கணும்."

திரும்பினாள். சடையை ஒதுக்கிய சாந்தாவின் கை அப்படியே நின்றது.

"யாருக்கா பின்னுனது?"

"நான்தான்."

"நாமளா பின்னுனா பாதியில தோளுக்கு முன்னாடி இழுத்துப் போட்டுத்தான முடிப்போம்? நுனி ஒருபக்கமா திரும்பிக்கும். இது அடி வரைக்கும் நேரா எறங்குதே."

எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தவர்கள் சடையை நினைக்கவில்லை. ஒரு முடி பிசகக்கூடாதென்று மூன்று தடவை அவிழ்த்துப் பின்னியிருந்தான் பாவி மனுஷன்.

"ரெண்டு கையையும் தூக்குக்கா."

வலது கை காதுவரை போனது. இடது கை மார்புக்கு மேல் வரவில்லை.

"எழுதிடாத தங்கச்சி. ஊசி போட்டா எந்திரிச்சிருவேன்."

"இந்த ஒடம்பு ஊசியத் தாங்காதுக்கா." சாந்தாவின் குரல் இறங்கியிருந்தது.

"இரு, இப்பவே பின்னிக் காட்டுறேன்."

ரப்பர் பேண்டை இழுத்துப் பிய்த்தாள். கூந்தலை வலது தோளுக்கு முன்னால் தள்ளி, ஒரு பிரியைப் பல்லில் கடித்து, மற்ற இரண்டையும் ஒற்றைக் கையால் மாற்றினாள். விலாவில் ஆணி இறங்கியது. ஒரு மடிப்பு விழுந்தது. அடுத்தது அவிழ்ந்தது. மறுபடி ஆரம்பித்தாள். சாந்தா பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எழுதித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மலர்க்கொடிக்கு.

ராசாங்கம் ஓரடி உள்ளே வைத்தான். வெறுங்காற்றில் அவன் விரல்கள் தாமாகவே பின்னிக்கொண்டிருந்தன.

"வராதீங்க, அங்கயே நில்லுங்க," என்றாள்.

வாய் திறந்ததில் பல்லிலிருந்த பிரி நழுவி விழுந்தது.